சிவப்புத் துணி

வெள்ளரிப் பிஞ்சை வெயில் ஏறுவதற்கு முன்னே பறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாடிப்போகும். எங்கள் ஊர் தோணிரேவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு மீன் ஒன்றுதான் தெரியும். ஏரியோர மணலில் தோட்டம் போட்டவன் நான் ஒருத்தன்தான்.

மாசிலாமணியைப் பிடித்து லாக்கப்பில் வைத்திருக்கிறீர்களாம். அதனால்தான் வந்தேன். அவன் என் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவன். சொன்னதைச் செய்வான், அவ்வளவு.

மருந்தடித்த பாத்தியில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவோம். பதினைந்து நாளைக்கு அதில் யாரும் கை வைக்கக் கூடாது. விவசாய ஆபீசர் சொல்லிக் கொடுத்தது. ஆபீசர்களை நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் இது நல்ல ஏற்பாடு. எழுத்துத் தெரியாதவளுக்கும் புரியும்.

மீன்காரி இருசம்மாளுக்கும் புரிந்தது. எழுபத்தொன்றிலிருந்து பத்து வருஷமாக ஏரி நடுவே இருக்கிற பசியாவரத்திலிருந்து தோணியில் வருகிறாள். மடவை மீனைக் கொடுத்துவிட்டு, துணி இல்லாத பாத்தியில் அவளே பதிலுக்குக் காய் பறித்துக்கொண்டு போவாள்.

மாசி மாதம் பிறந்ததும் கூடை நிறைய வெள்ளரியாகவே போனது. கேட்டேன்.

"எம்மவ தேவகி மசக்கையா இருக்கா மாமா. சோத்தைப் பார்த்தாலே குமட்டுதுன்றா. உன் வெள்ளரிதான் வயித்துல நிக்குது."

"அத்தனையுமா திங்கிறா?"

"இன்னா மாமா, வயித்துப் புள்ளைமேலயும் சந்தேகமா உனக்கு? பொறந்ததும் தூக்கிட்டு வரேன், நீயே கேளு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துப் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழவேற்காடு கடைத்தெருவில் விற்கிறாள் என்றுதான் தோன்றியது. தோணியில் பின்னாலேயே போய்ப் பார்க்கிற வயசு எனக்கு இல்லை. அவள் ஊரில் கேட்டால் எல்லாரும் ஒரே வாயாகச் சொல்வார்கள்.

மருந்தடித்த மூன்றாம் நாள் காலையில் துணிக் குச்சியைப் பிடுங்கிப் பக்கத்துப் பாத்தியில் நட்டேன். யாருக்கு வாந்தி எடுக்கிறதோ, காய் அங்கே போகிறது. கடைத்தெருவில் எடுத்தால் அவள் பொய்க்காரி. இதைவிடச் சுலபமாகக் கண்டுபிடிக்க வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

அவள் வந்தாள். பாத்தி ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"முந்தாநேத்து துணி இந்தாண்ட இருந்தாப்பல இருந்துதே மாமா?"

"மாசிலாமணி கட்டினது. அவன் தப்பா கட்டுவானா?"

"நீ சொன்னா சரி."

பறித்துக்கொண்டு போனாள். அன்றைக்கு இரண்டு மடவை கூடுதலாக வைத்திருந்தாள். நன்றாக இருந்தது.

தேவகியைத் தோணியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. முதலில் காலரா என்றார்கள். பசியாவரத்துக் கிணற்றில் வெள்ளைப் பொடி கொட்டினார்கள். அப்புறம்தான் டாக்டர் மீதி இருந்த பிஞ்சை மோந்து பார்த்தார். இருசம்மாள் உங்களிடம் மாசிலாமணி பேரைச் சொல்லியிருக்கிறாள். என் பேரைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பிஞ்சைக்கூட அவள் வாயில் வைக்கவில்லை, எல்லாம் மகளுக்குத்தான். கடைத்தெருவிலும் யாருக்கும் ஒன்றுமில்லை. நானே போய் விசாரித்தேன்.

துணியை மாற்றி நட்டது நான். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். கூடவே இதையும் எழுதுங்கள்: இருசம்மாள் பொய் சொல்லவில்லை. ஊரில் எவனாவது அவளைப் பொய்க்காரி என்று சொன்னால் என்னைக் கூப்பிடுங்கள். எந்தக் கோர்ட்டிலும் வந்து அவளுக்காகச் சாட்சி சொல்வேன்.