வெர்னனின் நான்காவது ஆட்டம்

காப்பி ஆறுவதற்குள் குடியுங்கள். வெர்னன் ஸ்டட்லரின் நினைவுப் பலகைக்குக் குறிப்பு வேண்டும் என்றுதானே வந்தீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். பேஸ்பாலில் பத்தொன்பது ஆண்டு பந்துவீச்சு, இருநூற்று எண்பத்தோரு வெற்றிகள். எதிரணியில் ஒருவனையும் பந்தை அடித்து ஓடவிடாத ஆட்டங்கள் நான்கு. அந்த நான்கிலும் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி அவன் பந்துகளைப் பிடித்தவன் நான். எங்கள் லீக்கில் இப்படி மூன்று ஆட்டங்களில் பிடித்தவர்கள் இரண்டு பேர் உண்டு. நான்கு எனக்கு மட்டும்தான்.

ஒவ்வொரு கோடையிலும் விருந்து வைத்து இதை வாசிக்கிறார்கள். வாய் நிறைய ஹாட் டாக் ரொட்டியை அடைத்துக்கொண்டு கைதட்டுகிறார்கள். நானும் தட்டுகிறேன்.

அந்த நான்காவது ஆட்டத்தைச் சொல்கிறேன். எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒருவன் அப்படி வீசிக்கொண்டு வரும்போது அவனோடு யாரும் பேசக் கூடாது. பேசினால் ராசி போய்விடும். பெஞ்சின் மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பான். ஒன்பது சுற்றில் ஆறாவது முடிந்து வெர்னன் வந்து உட்கார்ந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"க்ளைட், நெஞ்சை அடைக்குதுடா. இடது கை மரத்துப் போச்சு. டாக்டரைக் கூப்பிடு."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு புகையிலையைத் துப்பினேன். அவன் லேசாகச் சிரித்தான். நான் வழக்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருப்பான், பாவம்.

அணி டாக்டர் ராஸ்கோ தாமாகவே எழுந்து வந்தார். "என்னப்பா, ஆளு ஒரு மாதிரி இருக்கானே?"

"கிட்டப் போய்ப் பேசிக் கெடுத்துடாதீங்க டாக்டர். மத்தியானம் நல்லா மீனை வெளுத்துக் கட்டிட்டு வந்திருக்கான். வயித்துக் கோளாறு."

அவர் போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் ராசியில் நம்பிக்கை.

கடைசி ஆளும் மட்டையைக் காற்றில் வீசி ஏமாந்தான். வெர்னன் பந்து வீச நின்ற மேட்டிலேயே சரிந்தான். கொண்டாட்டம் என்று நினைத்து மற்றவர்கள் அவன்மேல் விழுந்து புரண்டார்கள். நான் பந்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டுதான் டாக்டரைக் கூப்பிட்டேன். அதற்குள் உயிர் போய்விட்டது.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, க்ளைட்?" என்று கேட்டாள் அவன் மனைவி லொரீனா. "வழக்கத்தை மீற முடியுமா லொரீனா?" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை இன்னும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறேன்.

ஏனென்றால் நான் பேசினேன். எட்டாவது சுற்று முடிந்ததும் எழ முடியாமல் பெஞ்சைப் பற்றிக்கொண்டிருந்தவன் காதருகே குனிந்தேன்.

"எந்திரிடா. இன்னும் மூணே பேருதான்."

எழுந்து போனான். பலகையில் என் பெயரும் வரும் அல்லவா? நான் பேசியும் ராசி போகவில்லை, பாருங்கள்.