அந்தக் கிட்டார் தேறும்

மலிவான எலெக்ட்ரிக் கிட்டார் எல்லாமே கொஞ்சம் இரையும். தந்தியில் கை வைத்தால் அடங்கிவிடும். என் தங்கை கணவரின் பழைய கிட்டார் மட்டும் கை வைத்தாலும் அடங்கவில்லை. ஏன் என்று இரண்டு நாள் எனக்குப் பிடிபடவில்லை.

இப்படி ஒன்று என் கடைக்குப் பழுதுக்கு வந்தால் முதலில் கழுத்தைப் பார்ப்பேன். அது முறுக்கிக்கொண்டிருந்தால் மேற்கொண்டு மெனக்கெடுவதில்லை. இதன் கழுத்து நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. உடல் ஒட்டுப்பலகைதான், பரவாயில்லை. முறுக்காணிகளை மாற்றினால் சுருதி நிற்கும்.

"இது கிட்டார் இல்ல மாப்பிள்ளை, தேனீக்கூடு," என்றேன்.

"தேறுமா, தேறாதா மச்சான்? என்னையும் தேறாதுன்னுதான் சொன்னீங்க. உங்க தங்கச்சி கேட்டாளா?"

இருவரும் சிரித்தோம். நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மதியம் அவருக்கு ஒரு இசைக்குழுவில் தேர்வு. எடுத்துக்கொண்டால் வேறு ஊரில் வேலை, தனி வீடு. அதுவரை மூவரும் என் வீட்டில்தான் இருந்தோம். தங்கை அப்போதே பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருந்தாள். பதினாறு வருடமாக என் சட்டைக்குப் பொத்தான் தைப்பவள் அவள்.

"இனிமே நீயே தைக்கக் கத்துக்கோண்ணா. கிட்டாரையே பிரிச்சு மாட்டுற, ஊசியில நூல் கோக்க வராதா?" என்றாள். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்.

கிட்டாரைத் தரும்போது மாப்பிள்ளை இன்னொன்றும் சொல்லியிருந்தார். "கேபிள் சொருகுற இடத்துல கை பட்டா சுரீர்னு இருக்கு மச்சான்."

"வேர்வைக் கையா இருக்கும். விடுங்க," என்றேன்.

வேர்வை இல்லை. விளக்குகிறேன், எளிதுதான். கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் அவருடைய ஆம்ப் பெட்டியின் பிளக்கில் எர்த் பின் ஒடிந்திருந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன். ஆம்புக்குள் கசிந்த மின்சாரம், தரைக்குப் போக வழியில்லாமல், கேபிள் வழியாகக் கிட்டாரில் அது சொருகும் இடம்வரை வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து தந்திகளைத் தாங்கும் உலோகப் பாலத்துக்கு ஒரு ஒயர் போகும். இரைச்சலை அடக்குவது அந்த ஒயர்தான். இந்தக் கிட்டாரைச் செய்தவன் பாலத்தின் அடியிலும் பெயிண்ட் அடித்து, அதைச் சுரண்டாமலே ஒயரை வைத்து அமுக்கியிருந்தான். பார்வைக்கு ஒயர் சேர்ந்திருந்தது, மின்சாரத்துக்குச் சேரவில்லை. எவனோ ஒருவனின் சோம்பேறித்தனம் மாப்பிள்ளையை இத்தனை நாள் காப்பாற்றி வந்திருக்கிறது.

அவர் எங்கு போனாலும் தன் ஆம்பையே கொண்டுபோய், பாடிக்கொண்டே வாசிப்பவர். அரங்கத்து மைக்கில் எர்த் ஒழுங்காக இருக்கும். உதடு மைக்கில், விரல் தந்தியில், நடுவில் ஆள்.

கிட்டாரில் ஒரு குறையும் இல்லை, தவறெல்லாம் ஆம்பில்தான் என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறாராம். என் வேலைக்குக் கிடைத்த பாராட்டு அது. ஆனால் அவர் சாவை விபத்து என்று எழுதியது சரியில்லை.

தங்கை எங்கும் போகவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். ஒரு மாதமாகப் பேச்சில்லை. என் சட்டையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஊசியை இன்னும் எடுக்கவில்லை. எடுப்பாள். அவளை நன்றாகப் பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை காலை, ஆம்பைத் தொடாமல், கிட்டாரின் பாலத்தை மட்டும் கழற்றினேன். அடியிலிருந்த பெயிண்டைச் சுரண்டி, ஒயரைப் பற்றவைத்து மூடினேன். கடையிலிருந்த நல்ல ஆம்பில் சொருகி, தந்தியில் கை வைத்துப் பார்த்தேன். இரைச்சல் அடங்கிவிட்டது.