மூட்டிய கில்ட்

2009 ஒக்டோபர் 17, சனிக்கிழமை, காலை 10.40, தூறல். மோர்டனில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர். மூத்தவர் மடியில் பச்சைக் கட்டம் போட்ட கம்பளித் துணி. சின்னக் கத்தரிக்கோலால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“சுத்திக் கட்டுற கில்ட்டை ஆரும் உடுக்கிற சாரம் மாதிரி தலைப்பைச் சேர்த்து மூட்டுவினமே, அத்தான்?”

“மடிப்பெல்லாம் சரியாத்தான் தைச்சன். இரண்டு தலைப்பையும் கண்டவுடனை கை தன்ரபாட்டிலை மூட்டிப்போட்டுது. புதுச் சாரம் வாங்கினால் முதல் வேலை அதுதானே.”

“பொத்தான் தைக்கத் தெரியாத ஆளுக்கு உது தேவையோ? நாங்கள் என்ன பாவாடை மாதிரிக் கட்டுற ஸ்கொட்லாந்துக்காரரே? உங்கட மகளின்ர கலியாணத்துக்கு வேட்டியோட வந்தால் காணாதோ?”

“வேட்டியோட எங்கட ஆக்கள் நூறு பேர் நிப்பினம். மாப்பிள்ளையின்ர பக்கத்திலை ஒருத்தரும் வரேல்லை. அந்தப் பெடியன் கில்ட்டோட தனிய நிக்கிறதோ?”

இளையவர் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஈரக் கண்ணாடிக்கு வெளியே வீடுகள் மெல்ல மிதந்து போயின. நான் இறங்கவேண்டிய தரிப்பும் அப்படியே போயிற்று.

தேவாலயத்தடியில் அவர்கள் இறங்க, நானும் இறங்கினேன். படியில் கில்ட் கட்டிய வெள்ளைக்கார மாப்பிள்ளை தனியே நனைந்துகொண்டு நின்றான். மூத்தவர் தெருவிலேயே, காற்சட்டைக்கு மேலாகத் துணியைச் சுற்றி வாரைப் பூட்டினார். பார்த்தவுடன் மாப்பிள்ளை படியிறங்கி ஓடிவந்தான்.

நான் வீடு திரும்பிய மினிகாப் வாடகைக் காருக்கு ஏழு பவுண் இருபது பென்ஸ்.