இருபது எண்ணும் வரை

எனக்குக் காலாற நடப்பதென்றால் கொள்ளை ஆசை, டாக்டரம்மா. இந்த வராந்தாவைக்கூடக் காலையிலிருந்து நாலு தடவை சுற்றி வந்துவிட்டேன். என்ன நடந்தது என்று கேட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை, சொல்கிறேன்.

ரெடிமேட் கம்பெனியில் காஜா போட்டுக்கொண்டிருந்தபோது மெஷின் மேலேயே மயங்கிச் சரிந்தேன். இதயத்தில் வால்வு பழுது என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். எல்லாம் மகள் தலையில் விழுந்தது. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. வாலு என்றுதான் கூப்பிடுவோம். அதுவரை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எது கேட்டாலும் "ம்" என்று மட்டும் சொல்கிற பெண். நான் படுத்த பிறகு அந்தக் கதவு சாத்தப்படவே இல்லை. என்னைக் குளிப்பாட்டினாள், தலை வாரிவிட்டாள், மாத்திரையை நான் விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பெற்ற வயிறு குளிர்ந்துபோயிற்று.

ஒரு வருஷம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். "சுத்தமா சரியாயிடுச்சும்மா. அடுத்த மாசமே வேலைக்குப் போகலாம்" என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார் பெரிய டாக்டர். வெளியே வாலு மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"இன்னும் படுத்தேதான் இருக்கணுமாம்."

அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை உதறவா முடியும்? வீட்டுக்கு வந்ததும் சீட்டை அலமாரியில் விரித்த தாளுக்கு அடியில் வைத்தேன்.

அவள் வாலிபால் ஆடுவதை விட்டாள். தோழிகள் வருவது நின்றது. புருவ முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் அவளுடைய டீச்சர் போன் செய்தார்.

"பொண்ணு யார்கூடவும் பேசறதில்லம்மா. ஒரு மனநல டாக்டர்கிட்ட காட்டலாமே?"

"எனக்கு முடியலைன்னு கவலைப்படறா டீச்சர், வேற ஒண்ணுமில்ல" என்றேன். அதில் பொய் இல்லை பாருங்கள்.

மதிய இடைவேளையில் தினமும் பள்ளி ஆபீஸிலிருந்து கூப்பிடுவாள். "மூச்சு சரியா இருக்காம்மா?" என்பாள். போன மாதம் ஒரு நாள் கூப்பிடவில்லை. பிள்ளைகள் ஏதோ சொல்லச் சிரித்துக்கொண்டு நின்றாளாம், மறந்துபோயிற்றாம். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. மறுநாள் போன் அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு தடவை அடித்து ஓய்ந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

அன்று மதியம் அவளுக்குப் பரீட்சை. எழுதாமல் ஓடி வந்திருக்கிறாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"அம்மா, கண்ணைத் தொறம்மா. இனிமே மறக்கமாட்டேம்மா."

என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அதிக நேரம் இல்லை. மனதுக்குள் இருபது எண்ணும் வரைதான்.

கண்ணைத் திறந்தால் அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து பேச்சும் இல்லை, சோறும் இறங்கவில்லை. அவர் வந்து அவளை இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார். துணி எடுக்க வீட்டுக்குப் போனவர் கையில் அந்தச் சீட்டு அகப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு என் முகத்தில் விழிப்பதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். செய்தது நான்தான். நோய் இல்லாமல் ஏழு மாதம் படுத்திருந்தேன். பெற்ற பிள்ளை முன்னால் பிணமாகக் கிடந்து காட்டினேன். ஆனால் அவர் கேட்கிறார் என்று அவளை அவளுடைய அத்தை வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். என்னைவிட அவளை யார் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்? நான் அறையை விட்டு வெளியே போனால்தான் இரண்டு வாய் சாப்பிடுகிறாள் என்று நர்ஸ் சொல்கிறார். வளர்ந்த பெண் இல்லையா, அம்மா முன்னால் சாப்பிட வெட்கப்படுகிறாள்.