என்ற ஊட்டுல பதினோரு பேராமா!

அசையாத, கண்ணு! குண்டூசி குத்துச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது. ஸ்டூல் மேல நேரா நில்லு. கண்ணாடியப் பாரு, என்னையப் பாக்காத... பதினோரு பேராமா! நீயே சொல்லு சாமி, இந்தத் தையல் கடைக்குப் பொறகால இருக்கறது ஒரே ஒரு ரூமு. அதுல ஒரு கட்டலு, ஒரு குக்கரு, ஒரு மீன் தொட்டி. நானு ஒருத்தி, மீனு மூணு. மீனையும் சேத்து எண்ணுனாக் கூட நாலு உருப்படி தான ஆச்சு? ஆனா அமெரிக்கா கவருமெண்டு கணக்குல, சாந்தாமணி ஊட்டுல பதினோரு பேரு! எங்க படுத்திருக்கறாங்க? இந்தப் பீரோவுக்குள்ளயா?

காலத் தூக்கு. அந்தக் காலில்ல, இந்தக் காலு. ஏஞ்சாமி, இத்தன நீளத்துக்கா பேண்ட் எடுப்ப? மாலுல சேல்னு போட்டாப் போதும், அளவு பாக்காம அள்ளிட்டு வந்துர்றது. எத்தனைக்குக் குடுத்தான்? ...அம்பதா! கெட்டுது போ. என்னையக் கூட்டிட்டுப் போயிருந்தீன்னா முப்பதுக்கு முடிச்சிருப்பேன். மாலுல பேரம் பேசக் கூடாதுன்னு எவன் சொன்னான்? ஹூஸ்டன் வந்த புதுசுல தபாலாபீசுலயே ஸ்டாம்புக்குப் பேரம் பேசுனவ நானு. கொறைக்கல, அது வேற விசயம். கேக்கோணுமல்ல?

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆ, பதினொண்ணு.

என்ற ஊட்டுக்காரரத் தெரியுமா உனக்கு? உனக்கெங்க தெரியும், எனக்கே இன்னும் முழுசாத் தெரியாது. கல்யாணமாகி மூணு வாரம் கூட இருந்திருப்பேன், அவ்ளோதான். பாலசுப்ரமணியன்னு பேரு. உடுமலைல பஸ் கண்டக்டரு. போன தடவை ஊருக்குப் போனப்ப அவரு பஸ்ஸுல ஏறுனேன். அம்பது காசு பாக்கி தரோணும், சில்லறை இல்லைன்னுட்டாரு. உடுவனா நானு? அமராவதி டேமு வரைக்கும் சண்டை. பஸ்ஸே திரும்பிப் பாக்குது. அடுத்த நாளு விடிஞ்சதும் பாத்தா, எங்கண்ணன் ஊட்டு வாசல்ல யூனிபாரத்தோட நிக்கறாரு, கைல அம்பது காசு! அதுக்குன்னு டூட்டிக்கு முன்னால சைக்கிள் மிதிச்சுட்டு வந்திருக்கறாரு மனுசன். நாப்பது வயசு தாண்டியும் எவனையும் ஏறெடுத்துப் பாக்காதவ நானு... சரி, அத உடு. நீ எதுக்கு இளிக்கற? அசையாதன்னு சொன்னனல்ல!

அவர இங்க கூட்டிட்டு வர்றதுக்குத் தான் இத்தன அலும்பும். நான் சிட்டிசனு. புருசனக் கூப்பிட எனக்கு உரிமையிருக்குது. ஆனா ஒரு ரூல் வெச்சிருக்கறான்: கூப்பிடறவங்க சம்பாத்தியம், ஊட்டுல இருக்கற தலைக்குத் தகுந்த மாதிரி இருக்கோணுமாமா. வர்றவங்க நாளைக்குக் கவருமெண்டுகிட்ட சோத்துக்குக் கை நீட்டிரக் கூடாதல்ல, அதுக்கு. நாயந்தான். நானும் அவருமா ரெண்டு தலைன்னா, வருசம் பதினாலாயிரம் டாலர் காட்டுனாப் போதும். என்றது பதினெட்டு. தாராளம்! ஆனாப் பதினோரு தலைக்கு? நாப்பத்தாறாயிரத்துச் சொச்சம்! பேண்ட் நுனி மடிச்சு நாப்பத்தாறாயிரம் சம்பாதிக்கோணும்னா, ஹூஸ்டன்ல இருக்கறவனெல்லாம் ஒரே ராத்திரில குட்டையாயிரோணும்.

அங்க அந்த மனுசன் கெதியக் கேளு. வெவரங்கெட்டவரு, விசா கைக்கு வர்றதுக்கு முன்னாலயே வேலைய எழுதிக் குடுத்துட்டாரு. டிப்போவுல வழியனுப்பு விழா. மாலை, சால்வை, செவுத்துக் கடியாரம். யூனியன் செகரட்டரி மைக்கப் புடிச்சு, "நம்ம பாலு அண்ணன் இனி அமெரிக்காவுல விசிலடிப்பாரு"ன்னு பேசியிருக்கறாரு. கைதட்டல் அடங்கலியாமா. அப்பறம் மெட்ராசுக்கு இண்டர்வியூ போனா, "உங்க மனைவி சம்பாத்தியம் பத்தல, ஜாயிண்ட் ஸ்பான்சர் ஒருத்தரப் புடிச்சுட்டு வாங்க"ன்னு தாட்டி உட்டுட்டாங்க. அதாவது, என்றகூடச் சேந்து இன்னொருத்தரும் அவருக்குப் பொறுப்புன்னு கையெழுத்துப் போடோணும்.

இப்ப ஊருக்குள்ள எப்படித் தலை காட்டுவாரு? அல்லாரும் அவரு இங்க இருக்கறதா நெனச்சுட்டிருக்கறாங்க. அவங்கக்கா ஊட்டு மாடில ஒளிஞ்சிருக்கறாரு கண்ணு, கொலை பண்ணுனவனாட்ட! காய் வாங்கோணும்னாப் பொள்ளாச்சிக்குப் போறாரு. பஸ்ஸுல போனாக் கண்டக்டரெல்லாம் தெரிஞ்சவனுக, அதுனால லாரில போறாரு. அவரு வேலை பாத்த பஸ்ஸு தெனமும் அந்த ஊட்டுக்கு முன்னால தான் போகுது. ஆரன் சத்தத்துலயே கண்டுபுடிச்சு சன்னலச் சாத்திக்குவாராமா. அதப் போனுல சொல்லீட்டுச் சிரிக்கறாரு. அழுதாக் கூடப் பரவால்ல...

திரும்பு. அக்கட்டால திரும்பு, இடுப்பும் லூசு, பின்னால குண்டூசி குத்தோணும். என்ன கேட்ட? மீதி ஒம்பது பேரு யாரா?

அது தான் கேளு! பல் டாக்டரு மகாதேவன் இருக்கறாரல்ல, அவரு அப்பாம்மா ரெண்டு பேரு. ஓட்டல்ல சமையல் பண்றானே மணியன், அவன் பொண்டாட்டி வள்ளி, புள்ளைக மூணு. புது ஊடு வாங்குனானே அகிலன், அவன் பொண்டாட்டி எழிலரசி. கோயில் அர்ச்சகரு சம்சாரம், அவரு அம்மா. இவங்கல்லாம் என்ற குடும்பமாமா! ஒருத்தராவது பொங்கலுக்கு வந்து ஒரு வாய் சோறு தின்னிருப்பாங்களா? அன்னைக்கு அகிலன் ஊட்டுல கிரகப்பிரவேசம். குடும்பம்னு கவருமெண்டே சொல்லியாச்சேன்னு மொதோ வரிசைல போயி உக்காந்தேன். "அக்கா, அது சம்பந்திக சீட்டு"ங்கறான்!

ஏன் அவங்க என்ற கணக்குல வந்தாங்கன்னா... அது ஒண்ணுமில்ல. அவங்களுக்கெல்லாம் அப்பச் சம்பாத்தியம் பத்தல. "அக்கா, ஒரு கையெழுத்துப் போடுங்க"ன்னு வந்து நின்னாங்க. போட்டேன். கையெழுத்தென்ன காசா? பேனாவுல மை இருக்குது, கைல தெம்பு இருக்குது. சும்மாவா போட்டேன்? அகிலன்கிட்ட அவன் பழைய வேனைக் கேட்டு வாங்குனேன். மணியன் ஆயுசுக்கும் மத்தியானச் சாப்பாடு. மகாதேவன் டாக்டரானதும் கடைவாப் பல்லு ஓசிலன்னு பேச்சு. அர்ச்சகரு வெள்ளிக்கெழமை தவறாம என்ற பேருக்கு அர்ச்சனை. ஒரு கையெழுத்துக்கு ஒரு வேனு! இந்த ஹில்கிராஃப்ட் ரோட்டுல எவளாவது இப்படிப் பேரம் முடிச்சிருக்கறாளா?

எனக்கென்ன தெரியும், போட்ட கையெழுத்துக்கெல்லாம் ஒரு தலைய என்ற ஊட்டுக் கணக்குல ஏத்துவான்னு! அவங்க சிட்டிசனாகோணும், இல்லாட்டிப் பத்து வருசம் ஒழைச்சிருக்கோணும், இல்லாட்டி ஊருக்கே திரும்பிப் போயிரோணும், இல்லாட்டி... ம்ம்... சாமிகிட்டப் போயிரோணும். அப்பத் தான் கணக்குல இருந்து எறங்குவாங்களாமா.

அதுக்கும் முயற்சி பண்ணாம இல்ல. தப்பா நெனைக்காத! மகாதேவன் அம்மா மீனாக்ஷியம்மாவுக்குப் போன் பண்ணி, "உடம்பெல்லாம் எப்படிங்க இருக்குது"ன்னு அக்கறையாத் தான் கேட்டேன். நல்லா இருக்கேன்னாங்க. சுகரு? இல்ல. பிரசரு? இல்ல. சரி, நேர்லயே பாத்துரலாம்னு போனேன். "மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குமே?"ன்னேன். "தெனமும் பார்க்க ரெண்டு சுத்து சுத்தறேன்டியம்மா"ங்கறாங்க. என்ற மூஞ்சி வாடிப் போச்சு கண்ணு. அத அந்தம்மா பாத்துத் தொலைச்சிட்டாங்க! உடனே அவங்க ஊட்டுக்காரரு பக்கம் திரும்பி, "அங்கிள், ஊர்ல நல்ல மழையாமே, நெனப்பு வந்திருக்குமே, டிக்கெட்டு நானே எடுத்துத் தரேன், ஒன்வே"ன்னேன். சாயங்காலமே மகாதேவன் போனு. "அக்கா, இனிமே பல்லு வலிச்சா வேற டாக்டரப் பாருங்க."

சரி, நீங்க யாராச்சும் எனக்கு ஜாயிண்ட் போடுங்கப்பா, இப்பத் தான் வசதியா இருக்கறீங்களேன்னு கேட்டேன். அல்லாரும் ஒரே பாட்டு. "படிச்சுப் பாத்தோமுங்கக்கா, ரிஸ்க்காத் தெரியுதுங்க." படிச்சுப் பாத்தாங்களாமா!

என்ன? வக்கீலு எனக்கு மொதல்லயே சொல்லலியாவா? ...அந்தப் பின்னு டப்பாவ இப்படிக் குடு. வக்கீலு... வக்கீலு என்ன சொன்னான்னா... உனக்கெதுக்கு அதெல்லாம்? சரி, கேட்டுட்ட. பேப்பரப் படிச்சு வெளக்கறதுக்கு எழுபத்தஞ்சு டாலரு, சாட்சி முத்திரை வெக்கறதுக்கு இருபதுன்னான். வாயில பேசறதுக்கு எழுபத்தஞ்சா! "வெளக்கம் வேண்டாம், முத்திரைய மட்டும் குத்து"ன்னேன். முத்திரையிலயும் அஞ்சு கொறச்சேன். மறுக்கா அவன், "மேடம், படிக்காமப் போடாதீங்க"ன்னான். "வெளக்கத்த ஓசில சொல்லப் பாக்கறியா, அப்பறம் பில்லு போடுவ"ன்னு சொல்லிக் காதப் பொத்திக்கிட்டேன். நாலு தடவையும்!

நீ சிரிக்கறதுக்காக இத நாஞ்சொல்லல.

அப்ப எனக்குச் சம்பாத்தியம் இருந்துது கண்ணு. ஆசுபத்திரித் துணி தைக்கற பேக்டரில ரெண்டு சிப்டு, ஓவர்டைமு. யாரு கேட்டாலும் தைரியமாக் காட்டலாம். சூப்பர்வைசரு டீ பிரேக்குல அஞ்சு நிமிசத்த வெட்டுனான். கத்திரிய மேசைல ஒரே அடி, வந்துட்டேன். அஞ்சு நிமிசம்! அதுக்கு நானு... சரி, உடு. இந்தக் கடையும் நல்லாத் தான் ஓடுது. ஆனாப் பாதிப் பேரு காசு குடுக்கறதில்ல. ஒருத்தி மொளகாப் பொடி குடுக்கறா, ஒருத்தி ஊறுகா. நாந்தான் அப்படிப் பேசி வெச்சேன். காசா வாங்குனா டாக்ஸ், பொடியா வாங்குனா மொத்தமும் எனக்குன்னு கணக்குப் போட்டேன். இப்ப மொளகாப் பொடிய எடுத்துட்டுப் போயி மெட்ராசு கான்சலேட்ல கொட்ட முடியுமா?

சரி, கேளு முகிலா. நேராவே வரேன். உங்க பக்கத்து ஊட்டு ஹம்சா ஆண்ட்டி சொன்னாங்க, உனக்குக் கிரீன் கார்டு வந்துருச்சாமா. கம்ப்யூட்டர் வேலை. தனிக்கட்டை. உனக்கொரு தலை, என்ற ஊட்டுக்காரரு ஒரு தலை, ரெண்டே தலை! உன்ற சம்பளத்துக்கு அது ஒரு தூசி. ஒரு கையெழுத்து. ஆயுசுக்கும் உனக்கு ஓசில தைச்சுத் தரேன். உங்கண்ணன் கல்யாணத்துக்கு இந்தப் பேண்டு. நாளைக்கு உன்ற கல்யாணத்துக்குக் கோட்டு, வர்றவளுக்கு ஜாக்கெட்டு, புள்ளைகளுக்கு யூனிபாரம். அவரு உனக்குப் பாரமா இருக்க மாட்டாரு சாமி. அம்பது காசுக்குச் சைக்கிள் மிதிச்ச மனுசன், கவருமெண்டு சோத்துக்குப் போயி நிப்பாரா?

என்ன? வாய்க்குள்ள பேசாத, சத்தமாச் சொல்லு.

...படிச்சுப் பாத்துட்டுப் போடறியா?

அட! நல்லா இருக்குதே! என்ற ஸ்டூல் மேல நின்னுக்கிட்டு, என்ற ஊசியக் குத்திக்கிட்டு, எங்கிட்டயே... படிக்கறதுக்கு அதுல என்ன கதையா எழுதியிருக்குது? நான் படிச்சனா? ...ம்ம். ஆமா. நான் படிக்கல.

சரி, இந்தா, படி. நல்லாப் படி. அவசரமில்ல. நான் பேனா எடுக்கறேன். இந்த டிராயருல தான் வெச்சேன்... நூலு, பட்டன், பல் டாக்டரு கார்டு... அவன் கார்ட எதுக்கு வெச்சிருக்கறேன்... அவரு வந்தா கடைல கல்லாவுல உக்கார வெக்கலாம்னு இருக்கறேன் முகிலா. சில்லறை குடுக்கறதுல அவர அடிச்சுக்க ஆளில்ல. பில்லெல்லாம் அவரே... கதவு மணி அடிச்சுதே? யாரு வந்தது பாரு கண்ணு.

...யாரும் வரல.

அப்பப் போனது தான். ஸ்டூல் மேல பேப்பரு மட்டும் இருக்குது. குண்டூசியோட ஓடிட்டான்! ஏ! உன்ற ஜீன்ஸ் பேண்ட் ரூமுல தொங்குதுடா! கார்ச் சாவி அதுல தானடா இருக்குது! ...அதோ, காருப் பக்கத்துல நின்னுட்டு வெறும் பாக்கெட்டத் தடவறான். இந்தக் காலை வெயில்ல. நில்லு, நல்லா நில்லு.

இந்தப் போனு வேற... ஹலோ! ஏனுங்க, நானே கூப்புடலாம்னு இருந்தேன். ராத்திரிக்குச் சாப்பிட்டீங்களா? ...ஆமாங்க, ஆளு கெடைச்சிருச்சு. நல்ல பையன். பேப்பரப் படிச்சிட்டிருக்கறான்... வெளிய நின்னு படிக்கறான். வெயில்ல... ஆமாங்க, வெயில்ல.

இல்லீங்க. பொய்யி. ஓடிட்டான்.

...ஏனுங்க, அது என்ன சத்தம்? ஆரனா? உங்க பஸ்ஸா? சாத்தாதீங்க! சன்னலச் சாத்தாதீங்கன்னு சொல்றனல்ல! லைட்டப் போட்டு எட்டிப் பாத்துக் கையக் காட்டுங்க. காட்டுங்க மாமா! கேட்டாச் சொல்லுங்க: "என்ற பொண்டாட்டிக்கு அங்க குடும்பம் பெருசப்பா, பதினோரு பேரு, அத்தன பேருக்கும் சம்பாதிச்சுட்டு என்னையக் கூப்பிடுவா"ன்னு. காட்டுனீங்களா? ...வண்டிய நிறுத்திட்டானா? ...விசிலடிக்கறாங்களா? போங்க, கீழ எறங்கிப் போயிப் பேசுங்க. நான் அப்பறம் கூப்பிடறேன். போங்க.

வா கண்ணு, வா. கதவுக்கு வெளிய நின்னு ஏன் முழிக்கற? இந்தா சாவி. புடி. கையெழுத்து ஒண்ணும் போட வேண்டாம், பயப்படாத. பேப்பர நாந்தான் படிக்கோணும். வெள்ளிக்கெழமை வந்து பேண்ட வாங்கிக்க. பத்து டாலரு. காசாக் கொண்டா, ரசீது போட்டுத் தருவேன். ஊறுகா கீறுகா எதுவும் எடுத்துட்டு வந்துறாத. ஒம்பதா? பத்துன்னாப் பத்து தான், என்ற ஊட்டுல தின்னறதுக்குப் பதினோரு வாயி இருக்குது!

ஏய், எங்க ஓடற? ஜீன்ஸ மாத்திட்டுப் போ! மாத்தாமக் காருல உக்காராதடா, பின்னால குத்துன குண்டூசிய இன்னும் எடுக்கல... டேய், உக்காரா...

சொன்னனல்ல.