என் தொட்டியில் கிடந்த சோறு

வாங்க மேடம். ஆபீஸ்லேருந்து வந்ததும் வராததுமா தராசும் கையுமா நிக்கறீங்க. உள்ளே வரவேண்டாம், வாசல்லயே என் குப்பையை எடை போட்டுக்கோங்க. ஆமா, மேடம்தான். போன வாரம் வரைக்கும் அக்கான்னுதான் கூப்பிட்டேன். என் குப்பைத்தொட்டியைப் போட்டோ புடிச்சு, உணவை வீணாக்காதீர்னு கொட்டை எழுத்துல எழுதி, கீழே நோட்டீஸ் போர்டுல ஒட்டினீங்க பாருங்க, அதுக்கப்புறம் நமக்குள்ள உறவு என்ன வேண்டிக்கிடக்கு.

பேர் போடலையா? மூடி முழுக்க நூலு ஒட்டியிருக்கு. இந்தக் கட்டடத்துல தையல் மிஷின் வெச்சிருக்கிறவ வேற எவ? நேத்து சட்டைக்கு அளவு குடுக்க வந்தவ, என்ன, இவ்ளோ சோத்தைக் கொட்டறீங்களாமேன்னு கேட்டுட்டு, அப்புறம் வரேன்னு போயிட்டா. போனவ போனவதான்.

தனிக்கட்டை நான். ரெண்டு கை அரிசி போட்டா எனக்கு ஒரு நாள் ஓடிடும். எனக்கு வந்து பாடம் எடுக்கறீங்க, மிச்சத்தை எப்படிப் பத்திரப்படுத்தறதுன்னு.

உங்க தொட்டி காலிதான், யாரு இல்லைன்னா? நம்ம கட்டட மீட்டிங்ல அத்தனை பேர் முன்னாடி கவுத்துக் காட்டினீங்க. நானும்தான் கை தட்டினேன். ஞாயித்துக்கிழமையே சமைச்சு, டப்பா டப்பாவாப் போட்டு, கிழமை எழுதி ஃப்ரிட்ஜ்ல அடுக்கிட்டா ஒரு பருக்கை வீணாகாதுன்னீங்க. சாப்பாட்டை வீணாக்கக் கூடாதுங்கறதுல எனக்கு ரெண்டாவது பேச்சில்ல.

இருங்க, உங்க வீட்டுப் பேண்ட் ஒண்ணு தெச்சு வெச்சிருக்கேன், எடுத்துட்டுப் போங்க. யாருதா? உங்க அப்பாவோடது. இடுப்பு பிடிக்கக் குடுத்தார். தெரியாதா? ரெண்டு மாசத்துல இது மூணாவது தடவை மேடம். முதல்ல ஒரு இஞ்சு பிடிச்சேன், அப்புறம் ரெண்டு. இப்பப் பிடிச்சதுல பின்பாக்கெட் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது. வயசானா இளைக்கத்தான் செய்வாங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க. டேப்பு என் கையில இருக்கு.

இன்னும் முழுசாச் சொல்லணுமா? மத்தியானம் நீங்க இல்லாதப்ப நீல டப்பாவோட வருவார். மேல செவ்வாய், புதன்னு அன்னன்னைக்குக் கிழமை எழுதியிருக்கும். என் தொட்டியில கவுத்துட்டு, என் குழாயிலயே டப்பாவைக் கழுவி எடுத்துட்டுப் போவார். விறைச்சுப்போன சோறு, அவரால மெல்ல முடியல. சூடு பண்ணலாம்னா, அடுப்பைத் தொடக்கூடாதுன்னு உங்க உத்தரவு. பொண்ணுகிட்டச் சொல்ல வேண்டியதுதானேன்னு கேட்டேன். ஊருக்கே எடுத்துச் சொல்றவ, அவ வீட்டுத் தொட்டியில சோறு கிடந்தா அவ பேர் என்னாகும்னார். ஒரு தட்டு போடறேன்னாலும், பசியில்லம்மான்னு நழுவிடுவார். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டார். அதனாலதான் நீங்க என் மானத்தை வாங்கினப்பவும் வாயை மூடிக்கிட்டு நின்னேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்னைக்கே உங்க முகத்துக்கு நேரா கேட்டிருக்கணும்.

பொய்யா? நான் எதுக்குப் பொய் சொல்லணும்?

வேணும்னா தொட்டியைத் தூக்கிப் பாருங்க, காத்தாட்டம் இருக்கும். இன்னைக்கு டப்பாவோட வந்தவர் என் படியிலயே உட்கார்ந்துட்டார், எழுந்திரிக்க முடியல. கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்து, சோறு வடிச்சு, சூடாக் குழைச்சுக் குடுத்தேன். சாப்பிட்டுட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கான்னு கேட்டார். ரெண்டு மாசமா வேண்டாம் வேண்டாம்னவர் கேக்கறார் மேடம். டப்பாவை நான் திறக்கலை. அதோ இருக்கு, வியாழக்கிழமை. வீணாக்காம நீங்களே சாப்பிடுங்க.

தராசைக் கீழே வெச்சுட்டு உள்ளே வாங்க. சத்தம் போடாம வாங்க, இப்பத்தான் கண்ணசந்தார்.