என்னோடு யாரும் பேசாத அந்த ஆட்டம்

இந்த விருந்துக்குத் தலைமையேற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் எங்கள் லிண்டல் ஊர் பேஸ்பால் அணியின் மேலாளர், பெருமதிப்பிற்குரிய நார்பர்ட் வேபர் அவர்களே! மைதானத்தில் பனி உருகும் முன்பே இந்தப் பருவத்துக்கான சீட்டை நம்பி வாங்கிவிட்ட பெரியோர்களே! இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கித் தட்டுத் தட்டாக ஹாட்டிஷ் சுட்டெடுத்து இந்தத் தேவாலயக் கூடத்தையே மணக்க வைத்த தாய்மார்களே! என் பந்துகளைப் பிடித்துப் பிடித்தே உள்ளங்கை காய்த்துப்போன கேட்சர் லைல் ஹாகன் அவர்களே! உங்கள் அனைவருக்கும் பந்தெறியும் ஆர்லன் ட்வெட்டின் பணிவான வணக்கம்.

என்ன லைல்? 'அவர்களேன்னு சொல்லாதடா, கூச்சமா இருக்கு'ங்கறியா? மேடையில் சொன்னால் நீயும் 'அவர்களே'தான். பேசாமல் சாப்பிடு.

அன்பர்களே! புதிய பருவம் வாசலுக்கு வந்துவிட்டது. முதல் ஞாயிறன்று மைதான நடுவிலுள்ள எறிமேட்டில் ஏறி முதல் பந்தை எறியப்போவது யார் என்று அறிவிக்கவே என்னை இங்கே ஏற்றியிருக்கிறார் நார்பர்ட். "உன் பேரச் சொல்லிட்டு உக்காந்துரு ஆர்லன், வேற யாரு இருக்கா?" என்றார். சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

எந்த ஆட்டம்? ஊரே கொண்டாடும் ஆட்டம்! சென்ற ஆகஸ்டில், ஹோல்ட்ரிக் ஊர்க்காரர் ஒருவர்கூட என் பந்தை அடித்து முதல் தளத்தைத் தொடாத ஆட்டம்! பார்த்தீர்கள், பதறினீர்கள், பரவசப்பட்டீர்கள். அன்று மேட்டில் நின்றவன் பட்ட தனிமையை உங்களில் ஒருவராவது அறிவீர்களா?

நம் வழக்கம் ஊரறிந்தது. எதிரணி ஒரு பந்தையும் உருப்படியாக அடிக்காமல் ஆட்டம் போய்க்கொண்டிருந்தால், எறிகிறவனிடம் எவரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கண் பட்டுவிடும். நானும் மற்றவர்கள் எறிந்தபோது அப்படி ஒதுங்கிப் போனவன்தான்.

ஒன்பதில் ஆறாவது இன்னிங்ஸில் என் முழங்கைக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. உயிர் போகிற வலி. பெஞ்சுக்கு வந்தேன். "லைல், ஒரு விஷயம்டா" என்றேன். தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டான். கையில் நிறைந்த குவளையோடு! "நார்பர்ட், கொஞ்சம் இங்க வாங்களேன்" என்றேன். அவர் அண்ணாந்து பார்த்து, "மழை வருமோ?" என்று மேகத்திடம் விசாரித்தார். வேலிக்கு அப்பால் என் மனைவி ஆர்டிஸ். கல்யாணமான நாளிலிருந்து வாய் ஓயாதவள், அன்று வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். சிரிக்காதே ஆர்டிஸ், நடந்ததைத்தானே சொல்கிறேன்?

பெஞ்சின் ஒரு கோடியில் நான். மறுகோடியில் என் அணி முழுவதும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவ்வளவு பேர் என்னை நேசித்தார்கள். அவ்வளவு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 'கத்தியிருக்கலாமே' என்பீர்கள். எப்படிக் கத்துவேன்? கண் பட்டுவிடும் என்று எனக்கும்தானே பயம்! எறிந்தேன். வலிக்க வலிக்க எறிந்தேன். கடைசி ஆள் வெளியேறியதும் என்னைத் தோளில் தூக்கினீர்கள். 'கை போச்சு, கை போச்சு' என்று அங்கிருந்து சொன்னேன். அந்த ஆரவாரத்தில் யார் காதிலும் விழவில்லை.

பிறகு குளிர்காலம் வந்தது. கடைத்தெருவில் பார்த்தவர்கள் எல்லாம், "என்னப்பா, கை ரெடியா?" என்றார்கள். 'ரெடி' என்றேன். அந்த முகங்களைப் பார்த்து வேறு என்ன சொல்வது? டாக்டர் சொன்னது ஆர்டிஸுக்கு மட்டும் தெரியும்: "பனி தள்ளுங்க, விறகு தூக்குங்க. பந்து மட்டும் வேண்டாம்."

ஆகவே கேளுங்கள், லிண்டல் மக்களே! முதல் ஞாயிறு மேட்டில் ஏறப்போவது ஆர்லன் ட்வெட் அல்ல. இனி எந்த ஞாயிறும் அல்ல. நம் பால் பண்ணையில் வேலை பார்க்கும் வெண்டல் சூகப் எறிவார். என்னைவிட வேகமாகவே எறிவார்.

அவருக்காக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மேட்டில் நிற்பவன் தனியன். அதை யாராலும் மாற்ற முடியாது. இறங்கி வந்த பிறகும் அவன் தனியனா? அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அதிர்ஷ்டம் போகுமா? போகட்டும்! ஓர் ஆட்டம் போனால் மறு வாரம் இன்னோர் ஆட்டம் வரும். கோப்பை போனால் மறு வருடம் வரும். கை போனால் வருமா? கூடவே இருந்தவர்கள் ஒதுங்கிப்போன அந்தப் பொழுதுதான் திரும்பி வருமா?

என்ன, கூடமே அடங்கிப்போயிற்று? எல்லோரும் ஏன் தட்டையே பார்க்கிறீர்கள்? ஐயா, இந்த மௌனத்தைத்தானே சொன்னேன்! யாராவது பேசுங்கள். திட்டவாவது செய்யுங்கள்.

யார் அது எழுந்து நிற்பது? லைல், நீயா? சத்தமாச் சொல்லுடா, பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கல.

"ரொம்ப வலிச்சுதாடா?" என்று கேட்கிறான்.

வலிச்சுதுடா லைல். ரொம்ப வலிச்சுது.

பெரியோர்களே, தாய்மார்களே, இதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. வெண்டலுக்கு என் வாழ்த்து. எல்லோருக்கும் வணக்கம்.